‘வருத்தம்’ என்றால் எங்கள் ஊரில் நோய்

ராமநாதபுரம் கடலோரத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும், சிஸ்டர்களுக்கும், ஓபி சீட்டு எழுதித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2022-ஆம் ஆண்டு ஒரு காலை வேளை. நான் கூட்டிவந்த ஒரு அம்மா ஓபி சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். வயது 58. இலங்கையிலிருந்து படகில் வந்து, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் விடியுமுன் இறக்கிவிடப்பட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ‘இதுதான் இந்தியா, இறங்குங்கோ’ என்று சொல்லிவிட்டுப் படகுக்காரன் திரும்பிவிட்டானாம். வெளிச்சம் வந்தபிறகுதான் நாலு பக்கமும் கடல் என்று தெரிந்திருக்கிறது. மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மரைன் போலீஸ் விசாரணை, பிறகு அகதிகள் முகாம். இருந்த நகையைப் படகுக் கூலிக்குக் கொடுத்துவிட்டார். இடுப்பில் சேலைக்குள் இரண்டு பாலித்தீன் பை சுற்றி, நூல் போட்டுக் கட்டி அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே சொத்து ஒரு நாற்பது பக்கக் கொப்பி, உங்கள் பேச்சில் நோட்டு. ஓரங்களில் உப்புத் தண்ணீர் ஏறி மை கலங்கியிருந்தது. உள்ளே எழுத்து அழியவில்லை.

அது கிளினிக் கொப்பி. இலங்கையில் அரசு மருத்துவமனைக் கிளினிக்குக்குப் போகிறவர்களின் மருத்துவக் குறிப்பு நோயாளியின் கையிலேயே இருக்கும். என்றைக்கு வந்தார், பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரே அதில் எழுதுவார். அந்த அம்மாவின் கொப்பியில் பத்து வருடம் இருந்தது.

கவுண்டரில் முதல் கேள்வி, “ஆதார் இருக்காம்மா?” இல்லை. “ரேஷன் கார்டு?” இல்லை. “அப்ப எப்படிம்மா என்ட்ரி போடுறது?” கேட்டவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், கணினி கட்டத்தை நிரப்பச் சொல்கிறது. கடைசியில் என் விலாசத்தையும் என் போன் நம்பரையும் கொடுத்துச் சீட்டு வாங்கினோம். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. நோயாளி மட்டும் உள்ளே வரலாம் என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் இளைஞர். அன்பாகத்தான் கேட்டார். “என்னம்மா பண்ணுது?”

“பத்து வருசமா வருத்தம் ஐயா. சீனி வருத்தம். குளிசை போடுறனான். ரெண்டு மாசமா அங்க குளிசை ஒழுங்காக் கிடைக்கேல்லை. ரெண்டு நாளாச் சத்தி. கால் விறைக்குது. நாரி நோ, ஏலாமக் கிடக்கு.”

“வருத்தப்படாதீங்கம்மா. ஊரை விட்டு வந்தா மனசு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்.”

கொப்பியை நீட்டியிருக்கிறார். “இந்தப் புக்கெல்லாம் இங்க வேணாம், புதுச் சீட்டுல எழுதிக்குவோம்” என்று பதில் வந்திருக்கிறது. வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரையும் ஒரு சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாம் நாள் இரவு நினைவு தப்பியது. 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ரத்தச் சர்க்கரை 500-ஐத் தொட்டிருந்தது. ஆறு நாள் ஐசியூ. பிழைத்துவிட்டார், இன்றும் நன்றாக இருக்கிறார். அன்றைக்கு நான் வாசலில் நின்றிருக்கக் கூடாது, சண்டை போட்டாவது உள்ளே போயிருக்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று எழுதமாட்டேன். அதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்த டாக்டரும் தமிழர், அந்த அம்மாவும் தமிழர், பேசியதும் தமிழ். மொழி ஒன்றுதானே என்று இரண்டு பேரும் நம்பியதால்தான் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை என்பது இருவருக்குமே தெரியாமல் போனது. இந்திக்காரரோ வங்காளக்காரரோ வந்திருந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள்.

நான் மன்னார் பேசாலையில் பிறந்தவள். 1990-இல் சண்டை மறுபடி தொடங்கியபோது 11 வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையில் இறங்கினேன். 35 வருடமாக மண்டபம் முகாமில் இருக்கிறேன். உங்கள் தமிழும் என் வாயில் ஏறிவிட்டது; எங்கள் தமிழும் போகவில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வேலை தானாக என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, நான் கேட்கவும் இல்லை.

நாங்கள் இருக்கும் இடத்துக்கே இந்த விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபத்தில்தான் நிறுத்திவைத்தார்கள். காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, பிறகே தனுஷ்கோடிக்கு ரயிலேற்றித் தலைமன்னார்க் கப்பலில் அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பேரே அந்தத் தடுப்புக் காப்பு முகாமிலிருந்து வந்ததுதான். கடலைக் கடக்கிற மனிதருக்கு முதலில் ஒரு டாக்டரைக் காட்டவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அன்று அது தோட்ட முதலாளிகளின் நன்மைக்காக நடந்தது. இன்று வருகிறவரின் நன்மைக்காக நடக்கலாம்.

2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் வரத் தொடங்கியவர்களைத் தமிழ்நாடு திருப்பி அனுப்பவில்லை. தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தது. அதை மறந்து பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் முகாமின் பழைய பதிவுள்ள குடும்பங்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பதிவான குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு பார்க்காமலே இடமுண்டு. புதியவர் கையிலோ விசாரணைத் தாளைத் தவிர வேறு எதுவும் இராது. இந்த இடைக்காலம் சில வாரமா, சில மாதமா, அதற்கும் மேலா என்று வருகிறவருக்குத் தெரியாது. சர்க்கரையும் பிரஷரும் கர்ப்பமும் அந்த முடிவுக்காகக் காத்திருக்காது. 2022-இல் தனுஷ்கோடிக் கரையில் மயங்கிக் கிடந்த ஒரு முதிய தம்பதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் சிலர் அவர்களுக்கு டிரிப் ஏற்றியிருப்பீர்கள். அந்த அம்மா பிழைக்கவில்லை.

ஆதார் இல்லை என்பதால் மருத்துவத்தை மறுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பது போன்ற அத்தியாவசிய சேவைகளை ஆதார் இல்லாததற்காக யாருக்கும் மறுக்கக் கூடாது என்று 2018-இல் ஆதார் ஆணையமே அறிவித்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு மற்ற நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தரவேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்லும்போது ‘குடிமகன்’ என்று எழுதவில்லை, ‘எந்த மனிதரும்’ என்றே எழுதியிருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் தற்காலிகப் பணியாளருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் சித்தப்பா மகன் 2009-க்குப் பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தான். அகதி மனு நிலுவையில் இருந்த காலத்திலேயே அவனுக்கு ஒரு ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், கிடைத்துவிட்டார். எப்படி என்று ஒருநாள் போனில் கேட்டேன். ஒரு படிவத்தில் பேரும் பிறந்த தேதியும் தங்கியிருந்த அறையின் விலாசமும் எழுதிக் கொடுத்தானாம். இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய அடையாள அட்டையோ, விலாச அத்தாட்சியோ, விசாவோ காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அவை இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கவும் கூடாது. இடமில்லை என்றோ, எங்கள் எல்லைக்குள் நீங்கள் வரவில்லை என்றோ மறுக்கலாம். ஆனால் மறுத்தால் 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் காசில்லாமல் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறார்கள். அங்கேயும் விதி தெரியாமல் பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்புகிற வரவேற்பு மேசைகள் உண்டு என்று அவனே சொல்கிறான். ஆனால் திரும்பிப்போய், ‘விதி இப்படி இருக்கிறது’ என்று காட்ட அவன் கையில் ஒரு தாள் இருந்தது. தமிழே தெரியாத நாட்டில் அவனுடைய சீனி வருத்தம் என்னவென்று டாக்டருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்த அம்மாவுக்கு ஆறு நாள் ஐசியூ தேவைப்பட்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அதனால்தான் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ‘வருத்தம்’ என்றால் நோய். ‘என்ன வருத்தம்?’ என்று கேட்டால் என்ன நோய் என்று பொருள். மனக்கவலையைக் ‘கவலை’ என்றே சொல்வோம். சீனி வருத்தம் என்றால் சுகர். மாத்திரையைக் குளிசை என்போம். வாந்தி எங்களுக்குச் சத்தி, அதனால் “சத்தி வருது” என்றால் சக்தி வருகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிஸ்டர் அப்படித்தான் கேட்டு, “நல்லதுதானே பாட்டி” என்றார். பேதியை வயித்தாலை போகுது என்போம், எழுத்தில் வயிற்றோட்டம். சளி எங்களுக்குத் தடிமன். நாரி என்றால் இடுப்பு, நோ என்றால் வலி. முட்டு என்று சொன்னால் முழங்காலைப் பார்க்காதீர்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். அது வீசிங். ‘கால் விறைக்குது’ என்பது உங்கள் ‘மரத்துப்போகுது’. சர்க்கரைக்காரர் அதைச் சொன்னால் காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘பனடோல் போட்டனான்’ என்றால் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டார். ‘மருந்தெடுக்க வந்தனான்’ என்றால் மாத்திரை வாங்க மட்டும் வரவில்லை, டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை பேரை நேரே பார்மசி ஜன்னலுக்கு அனுப்பியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

இன்னொரு அம்மா என்னிடம் அழுதது தடுப்பூசியால். அவளுக்கு 24 வயது, கையில் பத்து மாதப் பெண் குழந்தை. குழந்தையின் தடுப்பூசிப் பதிவேட்டைப் படகில் மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள். இங்கே அதைப் பார்த்ததும், “ஒன்றரை மாச ஊசியை விட்டிருக்கே, ரெண்டரை மாச ஊசியை விட்டிருக்கே, என்ன தாய் நீ?” என்று திட்டு விழுந்தது. அவள் ஒரு கிளினிக் நாளும் தவறவிட்டவள் இல்லை. இந்தியாவில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியை 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். இலங்கையில் அதே ஊசியை 2, 4, 6 மாதங்களில் போடுவார்கள். குழந்தைக்கு மூன்று ஊசியும் ஏறியிருந்தது. ஒன்பது மாதத்தில் தட்டம்மைக்கான ஊசிகூடப் போட்டாகிவிட்டது. அங்கே அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்திருக்கும். அட்டவணைதான் வேறு. பதிவேட்டில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. இரண்டு நிமிடம் நின்று வாசித்திருந்தால் போதும். பழியோடு வீட்டுக்கு வந்தவள் அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். சமாதானம் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது.

காய்ச்சலைப் பற்றியும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. நம்முடைய கடலோரமோ மலேரியாவுக்கு நெடுநாள் பேர்போனது. அங்கிருந்து வருகிற இளம்பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. குளிரெடுத்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

பிள்ளைத்தாச்சிகளின் நிலை எல்லாவற்றிலும் கடினம். 2017 முதல் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து வாங்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடிவதில்லை. எங்கள் முகாமுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் வந்தாள். கையில் அங்கத்தைய கர்ப்பவதிப் பதிவு இருந்தது. ரத்த வகை, எடை, ஸ்கேன், எல்லாம் அதில். எண் கேட்டுப் போனபோது ஆதார், பேங்க் பாஸ்புக், கணவரின் ஆதார் என்று அடுத்தடுத்துக் கேட்டுத் திருப்பினார்கள். கணவர் அக்கரையில். மூன்று முறை வெயிலில் நடந்தாள்.

நாலாவது முறை அவள் நடக்கவில்லை. அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் அவரே வந்தார். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வாசல் திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, “கொடு தங்கச்சி, உன் அட்டையை முதல்ல பார்ப்போம்” என்றார். அங்கத்தைய பதிவின் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கடைசி மாதவிடாய்த் தேதியை எடுத்துப் பிரசவத் தேதியைத் தானே கணக்கிட்டு, அட்டையில் இருந்த தேதியோடு ஒத்துப் பார்த்தார். புரியாத சொல் வந்த இடத்தில், “இது என்ன அக்கா?” என்று என்னைக் கேட்டார். தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார், ஒருமுறை இல்லை, மூன்று முறை. முகாம் அலுவலகக் கடிதத்தை வைத்து எண்ணை வாங்கித் தந்துவிட்டே எழுந்தார். போகும்போது பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “இதைத் தூக்கிப் போட்டுறாதே, பிரசவத்துக்குப் போறப்போ ரெண்டையும் எடுத்துட்டுப் போ” என்றார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, 21 நாளுக்குள் பிறப்பும் பதிவானது.

எனக்கு அது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், என் தம்பி 1990-இல் நாங்கள் வந்த நாலாம் மாதம் பிறந்தான். யாரும் பதியவில்லை. எங்கே பதிவதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதினார். அவன் மழைக்காலத்தில் பிறந்தவன். இன்றுவரை ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த ஜூன் மாதத்துக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மாவட்ட சுகாதார அதிகாரிகளும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை, புது ஸ்கேன் மெஷினும் இல்லை. ‘ஆதார் இல்லாவிட்டாலும் ஓபி சீட்டு கொடுக்கப்படும்’ என்று கையெழுத்திட்ட ஒரு தாளைக் கவுண்டரில் ஒட்டுங்கள். எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் வேலைக்கு வந்த வட இந்தியப் பிள்ளைகளும் அதே வரிசையில் அடையாள அட்டை இல்லாமல் நிற்கிறார்கள். கரையேறுகிற ஆளை விசாரணை முடியும்வரை காக்கவைக்காமல், அன்றே ஒரு டாக்டரோ செவிலியரோ பார்க்கட்டும். என்ன குளிசை போடுகிறீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்ற இரண்டு கேள்வி போதும். அக்கரைக் கொப்பி எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிப் பாருங்கள். போட்டோகாப்பி எடுத்து உங்கள் சீட்டோடு குத்தி வையுங்கள், அசலை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கூட வருகிறவரை உள்ளே விடுங்கள்.

‘வருத்தம்’ என்ற சொல்லை உங்கள் பொருளிலும் ஒருமுறை அவர்களிடம் கேளுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க மணல்திட்டில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். யாரும் கேட்காததால் சொல்வதில்லை. தூக்கம் வருகிறதா என்று கேட்டாலே சிலர் பேசிவிடுவார்கள்.

மேலே எழுதிய சொற்களோடு இன்னும் சிலதைச் சேர்த்து, ஒரு பக்கம் எங்கள் சொல், எதிரே உங்கள் சொல் என்று ஒரு பெரிய சார்ட் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து தெளிவாக இருக்கும், என் மகள் எழுதியது. அந்த 58 வயது அம்மாவுக்கு இப்போது 61. அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். நாலு பிரதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஓபிக்கு வருவேன். எந்தச் சுவரில் ஒட்டலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் மறுவாழ்வு முகாமிலிருந்து,
பேசாலையில் பிறந்த ஒரு பெண்